வாடாத செடியைக் கேளுங்கள்

ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ வாணியம்பாடியிலோ வீட்டுக்கு முன்னால் நாலடி மண் இருந்தால் போதும், அதில் ஓர் அரளி நிற்பதைப் பார்க்கலாம். சுற்றுச்சுவர் ஓரம் செவ்வரளி, கோயில் வாசலில் வெள்ளை அரளி, நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் இளஞ்சிவப்பு அரளி. சித்திரை வெயிலில் வேலூர்ப் பாறைமலைகள் கனன்றுகொண்டிருக்கும்போதும் அது பச்சையாக நிற்கும், பூக்கவும் செய்யும். “அரளிக்கு என்ன, ஊத்துனாலும் வளரும், ஊத்தாட்டியும் வளரும்” என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். அந்தப் பாராட்டுக்குள் ஒரு கைவிடுதலும் ஒளிந்திருக்கிறது. எப்படியும் வளர்ந்துவிடும் என்று தெரிந்ததும் அந்தச் செடியை உற்றுப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். தோல் தொழிலால் உயர்ந்து, அதே தொழிலால் தண்ணீரை இழந்த இந்த நிலத்தில், உற்றுப் பார்க்கப்படாத அந்தச் செடிக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் அது எப்படித் தாங்குகிறது என்று பார்ப்போம். அரளி இலையைக் கையில் எடுத்தால் தோலைத் தொடுவது போலத் தடிப்பாக இருக்கும். மேலே மெழுகுப் பூச்சு, அதன் கீழே பல அடுக்குப் புறத்தோல். மூச்சு விடும் துளைகளை இலையின் அடிப்பக்கத்தில் சிறுசிறு குழிகளுக்குள் வைத்து, குழிவாயை நுண்மயிரால் மூடிக்கொண்டிருக்கிறது. காற்று அந்தக் குழிக்குள் எளிதில் புகாது, நீரும் எளிதில் வெளியேறாது. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து நம் நாடு வரை, மழைக்காலத்தில் மட்டும் நீர் ஓடி மற்ற நாளெல்லாம் காய்ந்து கிடக்கும் ஓடைகளின் கரையில் வளர்ந்த இனம் இது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் பாலாற்றின் கரையில் அது ஊர்க்காரரைப் போல நிலைத்துவிட்டதில் வியப்பில்லை.

எப்போதும் பச்சையாக இருக்கும் செடி இலை உதிர்ப்பதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். உதிர்க்கிறது. எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் உதிர்க்காமல் இன்று இரண்டு, நாளை மூன்று என்று அடியிலிருந்து பழுக்கவிட்டு, நுனியில் புதியதைத் தளிர்க்கவைக்கிறது. இழப்பும் ஈடும் ஒரே வேகத்தில் நடப்பதால் நம் கண்ணுக்கு இழப்பு தெரிவதில்லை. நாம் காணும் பச்சை, அந்தச் செடி ஒவ்வொரு நாளும் செய்துமுடிக்கும் வேலை. வேர் கொடுக்கும்வரைதான் அந்த வேலை நடக்கும்.

வளர்ப்பது எளிது. பென்சில் பருமனில் பாதி முற்றிய குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடியிலைகளைக் களைந்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டால் சில வாரத்தில் வேர் பிடிக்கும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் நெட்டையாக வளர்ந்து பூவைக் குறைத்துக்கொள்ளும். நீர் தேங்கும் பள்ளம் ஆகாது. அந்தந்தப் பருவத்தில் விட்ட புதுக்கிளையில்தான் பூ வரும். அதனால் ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட வேண்டும். வெட்டும்போது கையுறை அவசியம். வேர், பட்டை, இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு, இதயத்துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. வெட்டிய கிளைகளை ஆடு மேயும் இடத்தில் போடக்கூடாது, எரிக்கவும் கூடாது. அதன் புகையும் கெடுதல். சிறு குழந்தைகள் தவழும் முற்றத்தில் அரளியை வைக்காமலிருப்பதே நல்லது.

நோய் வரும்போதுதான் செடி வளர்ப்பவருக்குக் கல்வி தொடங்குகிறது. தளிர் நுனியில் மஞ்சள் பொட்டுகள் அப்பியது போல அசுவினி கூடும். அரளியின் நஞ்சையே உண்டு, அந்த நஞ்சை உடம்பில் ஏற்றி, மஞ்சள் நிறத்தால் அதை அறிவித்துக்கொள்ளும் பூச்சி அது. அதன் கழிவு இனிப்பாக இருப்பதால் எறும்பு வரும். அந்த இனிப்பு இலையில் படிந்து கரும்பூசணம் படரும். இலை கறுத்துவிட்டது என்று பூசணத்துக்கு மருந்தடிப்பவர் அறிகுறிக்கு மருந்தடிக்கிறார். பூசணத்துக்குப் பின்னால் அசுவினி இருக்கிறது, அசுவினிக்குப் பின்னால் அளவுக்கு மீறிய தழைச்சத்து உரத்தில் கொழுத்த இளந்தளிர் இருக்கிறது. உரத்தைக் குறைத்து, வேகமாக நீர் பீய்ச்சித் தளிர்களைக் கழுவி, தேவைப்பட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு சேர்த்து மாலையில் தெளித்தால் அடங்கிவிடும். பொறிவண்டுகள் வந்துவிட்டால் அதுவும் வேண்டாம்.

சில நாட்களில் ஒரு கிளை முழுவதும் இலை இல்லாமல் நிற்கும். தேடினால் விரல் பருமனில் ஒரு பச்சைப் புழு, தலைக்குப் பின்னால் கண்களைப் போல இரண்டு நீல வட்டத்தோடு உட்கார்ந்திருக்கும். அரளியை நம்பிப் பிறக்கும் அந்திப்பூச்சியின் புழு அது, கையால் எடுத்துவிட்டால் போதும். இலையின் அடியில் வெள்ளி உருக்கி வார்த்தது போன்ற கூட்டுப்புழு தொங்கினால் விட்டுவிடுங்கள். கரும்பழுப்புச் சிறகில் வெண்புள்ளி தரித்த பட்டாம்பூச்சி அதிலிருந்து வெளிவரும். இவை எல்லாம் உயிர் உயிரைத் தின்னும் பழைய கணக்கு. செடி இழக்கும், பிறகு மீட்டுக்கொள்ளும்.

இன்னொரு நோய் இருக்கிறது, அதில் பூச்சி இல்லை. முற்றிய இலைகளின் நுனி முதலில் காய்ந்து பழுப்பாகும். பழுப்பு, ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காம்பை நோக்கி இறங்கும். மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்கு படியும். மண்தொட்டியாக இருந்தால் தொட்டியின் வெளிப்புறத்திலேயே வெள்ளை பூத்திருக்கும். செடி சாகாது, பூப்பதையும் நிறுத்தாது. தொலைவிலிருந்து பார்த்தால் பச்சையாகவே தெரியும். அது உப்பு. வேர் உறிஞ்சிய நீர் இலை வழியாக ஆவியாகிவிடும். நீரில் கரைந்து வந்த உப்புக்குப் போக இடமில்லாமல் பயணம் முடிகிற இடத்தில், அதாவது இலை நுனியில், தங்கிவிடும். உப்பு ஏறிய முதிய இலையை உதிர்த்துத்தான் செடி தன் பாரத்தை இறக்குகிறது.

இதன் கணக்கு எளிமையானது, கலங்கவைப்பது. லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் உப்புக் கரைந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரு செடிக்கு நாளுக்கு 10 லிட்டர் ஊற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அன்றாடம் 15 கிராம் உப்பு. மழைநாட்களைக் கழித்து ஆண்டுக்கு 300 நாள் ஊற்றினால் நாலரைக் கிலோ. நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. இதற்கு மேல், குடிநீர் சுத்திகரிக்கும் எந்திரத்திலிருந்து கழிந்து வரும் நீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு விடும் வழக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு நீரை எந்திரம் நமக்கு நன்னீராகத் தந்தால், நம் பங்கு உப்பும் மீதி இரண்டு பங்கில் போய்ச் சேர்கிறது. 1,500 ஆக இருந்தது ஏறக்குறைய 2,250 ஆகிறது. நாம் குடிக்க மறுத்த உப்பை எந்தச் செடிக்கு ஊற்றுகிறோம்? ரோஜாவுக்கு ஊற்றினால் வாடுகிறது, எலுமிச்சைக்கு ஊற்றினால் இலை கொட்டுகிறது. ஆகவே முகம் சுளிக்காத அரளியின் காலடியில் குழாயைத் திருப்பிவிடுகிறோம். தாங்கும் என்ற ஒரே காரணத்துக்காக அதிகச் சுமையை அதன் தலையில் ஏற்றுகிறோம்.

தண்ணீர் உப்பாகும்போது தோட்டத்திலிருந்து செடிகள் ஒரு வரிசையில் விடைபெறும். அவரையும் பீன்ஸும் முதலில் போகும். ரோஜா, எலுமிச்சை, மா என்று அடுத்தடுத்து இளைக்கும். தென்னை நெடுநாள் நிற்கும். கடைசி வரிசையில் அரளி. ஒவ்வொன்று போகும்போதும் “இந்த மண்ணுக்கு இது வராது” என்று சொல்லி அந்த இடத்தில் இன்னும் உரமானதை நடுகிறோம். சில ஆண்டில் தோட்டம் முழுவதும் பச்சையாக இருக்கும். அந்தப் பச்சையைப் பார்க்கும் புதியவருக்கு அங்கே எலுமிச்சை காய்த்தது தெரியாது. மீந்து நிற்பவற்றின் செழிப்பு, போய்விட்டவற்றின் இடத்தை மூடிவிடுகிறது.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது? மண்ணின் இயல்பிலும் கடினநீர் உண்டு. வறண்ட நிலத்தில் ஆழம் போகப் போக உப்புக் கூடும். இந்தப் பள்ளத்தாக்கில் அதோடு இன்னொரு வழியும் சேர்ந்தது. உரித்த தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் உப்பைத் தடவி அடுக்குவார்கள். தொழிற்கூடத்துக்கு வந்ததும் முதல் வேலை அதை ஊறவைத்து உப்பைக் கழுவுவது. பிறகு சுண்ணாம்பு, பிறகு அமிலத்தோடு மறுபடியும் உப்பு, அதன் பிறகே குரோமியம். குரோமியத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுகிறோம், பேசவும் வேண்டும். அதைக் கழிவிலிருந்து பிரித்தெடுக்க வழி உண்டு. கரைந்த உப்பை நுண்ணுயிர் தின்னாது, சாதாரணச் சுத்திகரிப்பில் அது அப்படியே கடந்து போகும். சவ்வு வழியாக வடித்து, மீதியைக் காய்ச்சி, உப்பைக் கட்டியாக எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் அந்தக் கலப்பு உப்பை எங்கே வைப்பது என்ற கேள்வி எஞ்சும்.

இதே தொழில் ஒரு காலத்தில் இன்னொரு பசும்புதரை நம்பி நடந்தது. கரம்பிலும் மலையடிவாரத்திலும் மஞ்சளாகப் பூத்துக்கிடக்கும் ஆவாரையின் பட்டைதான் தென்னாட்டுத் தோலைப் பதப்படுத்தியது. கடுக்காய் அதற்குத் துணை. பின்னர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது, சென்னையில் 1900களின் தொடக்கத்திலேயே சோதிக்கப்பட்ட குரோமியம் வந்தது. பட்டைக் காலத்திலும் உப்பும் சுண்ணாம்பும் இருந்தன, ஆனால் பட்டையில் தோல் பதமாக வாரக்கணக்கில் ஆகும். அந்தக் காலதாமதமே ஒரு வரம்பாக இருந்தது. 1970களில், பாதி பதப்படுத்திய தோலை அனுப்புவதைவிட முழுதாக முடித்த தோலையும் காலணியையும் ஏற்றுமதி செய்வதே நாட்டுக்கு ஆதாயம் என்று அரசு முடிவெடுத்தது. வேலை பெருகியது, ஆம்பூர்க் காலணி கடல் கடந்தது, ஆயிரமாயிரம் குடும்பங்கள் கூலி கண்டன. இந்த வளர்ச்சியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. இந்த ஊர்களில் படித்து உயர்ந்த பிள்ளைகளில் பலருக்குப் படிப்பைக் கொடுத்தது தோல்தான். ஆனால் வேகம் கூடியபோது நிலம் எவ்வளவு தாங்கும் என்று யாரும் கேட்கவில்லை. நிலம் வாய்விட்டு அழாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம்.

பாலாற்றில் கலக்கும் தோல் கழிவை எதிர்த்து 1991-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் தொழிற்கூடங்கள் சூழ்ந்த பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பயிருக்குத் தகுதியிழந்துவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு அந்தத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியும், கேடு முழுமையாக நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற நெறியும் இந்த வழக்கில் இந்திய நாட்டின் சட்டமாக உறுதிப்பட்டன. ‘என் செயலால் கேடில்லை’ என்று காட்ட வேண்டிய பொறுப்பு, செயலைச் செய்கிறவருடையது என்றும் நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியிலும் இதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் ஈட்டுத்தொகை பற்றியும் மேற்பார்வை பற்றியும் மறுபடி ஆணையிட வேண்டியிருந்தது. ஒரு தலைமுறைக் காலம் கடந்துவிட்டது. குடிக்கும் நீருக்காக இன்று வேலூரும் ஆம்பூரும் மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரியை எதிர்பார்த்திருக்கின்றன.

உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் அந்த முன்காப்பு நெறியை நான் அரளி இலையின் நுனியில் வாசிக்கிறேன். நுனி காய்ந்ததுமே தண்ணீரைச் சோதித்துப் பார் என்கிறது அது. செடி செத்த பிறகு வரும் நிரூபணம் செடிக்குப் பயன்படாது. எல்லாவற்றையும் தாங்கும் செடியே சாகும்வரை காத்திருந்தால், அதற்கு முன்னால் எத்தனை போயிருக்கும்!

வீட்டளவில் செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதை விட்டு, இடைவெளி கொடுத்து வேருக்குக் கீழே இறங்கும்படி ஆழமாக ஊற்ற வேண்டும். அப்போதுதான் உப்பு வேர்மண்டலத்தைத் தாண்டிக் கீழே போகும். இலைமேல் உப்புநீர் படக்கூடாது. கூரை மழைநீரைப் பாத்திக்குத் திருப்பிவிட்டால் ஆடியிலும் ஐப்பசியிலும் பெய்யும் மழை, காசில்லாமல் மண்ணைக் கழுவிக்கொடுக்கும். மட்கிய உரமும் மூடாக்கும் ஆவியாவதைக் குறைக்கும். சோடியம் மிகுந்து மண் இறுகிப்போயிருந்தால் ஜிப்சம் உதவும். அதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக்கூடாது. விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் மண்ணையும் நீரையும் கொடுத்துச் சோதிக்கலாம். மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் அது உவர்மண். புதிய இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது உப்பின் நேரடி வேலையாக இருக்காது, காரமண்ணில் இரும்புச்சத்து கிடைக்காத குறையாக இருக்கலாம். ஒவ்வொரு இலையும் ஒவ்வொன்றைச் சொல்கிறது. குனிந்து கேட்டால்தான் வேறுபாடு புரியும்.

ஆனால் வீட்டளவோடு இது முடியாது. இலையைக் கேட்டால் மண்ணைக் காட்டும், மண் தண்ணீரைக் காட்டும், தண்ணீர் ஆற்றைக் காட்டும், ஆறு ஊறவைக்கும் தொட்டியையும் அதற்கு அப்பால் மலிவான காலணி கேட்கும் கடைகளையும் காட்டும். ஊறவைக்கும் முன்பே தோலை உதறி உப்பைத் தட்டி எடுப்பதும், உப்பைக் குறைத்துத் தோலைக் காக்க சென்னை அடையாறிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தேடிவரும் வழிகளைத் தொழிற்கூடங்கள் கைக்கொள்வதும், என் தொட்டியில் இருக்கும் செடிக்குச் செய்யும் வைத்தியம்தான். சங்கிலியின் எந்தக் கண்ணியில் கைவைத்தாலும் மறுமுனை அசையும்.

அந்தச் சங்கிலியில் மனிதர்களும் இருக்கிறார்கள். சுண்ணாம்புக் குழியில் நிற்பவரைப் பார்த்து, ஈரத்தோலை முதுகில் சுமப்பவரைப் பார்த்து, விடியற்காலை தொழிற்சாலை வண்டிக்கு ஓடி நாள் முழுவதும் காலணியின் மேல்பாகம் தைத்துவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைக்கும் பெண்ணைப் பார்த்து, “அவங்களுக்குப் பழகிப்போச்சு” என்கிறோம். அரளியைப் பற்றிச் சொன்ன அதே தொனி. பழகிப்போனது உடம்பா, நம் கண்ணா? வேலைக்கு வருகிறார், சிரிக்கிறார், கூலி வாங்குகிறார்; ஆகவே நலம் என்று முடிவுகட்டுகிறோம். எந்த இலையை உதிர்த்து அவர் அந்தப் பச்சையைக் காத்துக்கொள்கிறார் என்று கேட்பதில்லை. தூக்கத்தை உதிர்த்திருக்கலாம், மூட்டுவலிக்கு மருத்துவரைப் பார்ப்பதை உதிர்த்திருக்கலாம். தாங்கும் வலிமையை நலத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் சமூகம், தன்னிடம் உள்ள வலிமையானவர்களையே முதலில் செலவழித்துத் தீர்க்கிறது.

வலிமையைப் போற்றுவது தவறென்று நான் சொல்லவில்லை. காய்ந்த ஆற்றங்கரையில் பூத்து நிற்கும் ஒரு செடியை வணங்கத்தான் வேண்டும். வலிமையைப் போற்றும் சரியான வழி, அதன் சுமையைக் குறைப்பது. அரளி உப்பைத் தாங்கும் என்பது அதற்கு உப்பை ஊற்ற உரிமம் ஆகாது.

ஒரு மண் நலமாக இருக்கிறதா என்பதை அதில் எது சாகாமல் நிற்கிறது என்று பார்த்து அறிய முடியாது. அங்கே எலுமிச்சை மறுபடி காய்க்கிறதா, அவரைக்கொடி மறுபடி பந்தல் ஏறுகிறதா என்று பார்த்தே அறிய வேண்டும். நிலத்தின் நலத்துக்கு அளவுகோல் அதில் வாழ முடிகிற மிக மென்மையான உயிர். ஊருக்கும் அதுவே, தொழிலுக்கும் அதுவே, குடும்பத்துக்கும் அதுவே. மென்மையானவை பிழைக்கும் இடத்தில்தான் வலிமையானவையும் உண்மையிலேயே வாழ்கின்றன. மற்ற இடங்களில் அவை தாங்கிக்கொண்டு மட்டுமே இருக்கின்றன.